வளைகாப்புக்குக் கட்டுச்சோறு: முன்னதாகவே செய்து வைக்கும் முறை

உழவர் வீடுகளில் விசேஷம் என்பது வேலை இல்லாத நாள் பார்த்து வருவதில்லை. குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசியிலும் வளைகாப்பு வரும். கடலை பறிக்கும் நேரத்திலும் வரும். வயலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், மாட்டைக் கவனிக்க வேண்டும், வருகிற உறவினருக்குச் சமைக்கவும் வேண்டும். இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முற்படும்போதுதான் வீட்டுப் பெண்கள் சோர்ந்து போகிறார்கள். அல்லது, கையில் பணம் இல்லாத நேரத்தில் கடன் வாங்கி வெளியாளிடம் சமையலை ஒப்படைக்க நேரிடுகிறது.

ஆனால் வளைகாப்புக்கு நம் முன்னோர் வகுத்த உணவு கட்டுச்சோறு. கொங்கு நாட்டில் இந்த விசேஷத்துக்கே கட்டுச்சோறு விருந்து என்று பெயர் வழங்குகிறது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணைப் பெற்றவர்கள் பல வகைச் சாதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போவார்கள். வண்டி கட்டிப் போன காலத்தில் வழியில் கெடாத சோறுதான் தேவைப்பட்டது. எனவே இது இயல்பாகவே முன்கூட்டித் தயாரிக்க ஏற்ற உணவு. இதில் எதை எத்தனை நாள் முன்பு செய்யலாம், எதை அன்றைக்கே செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்து கொண்டால் மூன்று பெண்கள் சேர்ந்து 60 பேருக்கு நிதானமாகச் சமைத்து விடலாம்.

எது தாங்கும், எது தாங்காது?

ஒரு உணவு கெடாமல் இருக்க நான்கு காரணங்கள் உண்டு: புளிப்பு, உப்பு, இனிப்பு, ஈரமின்மை. புளிக்காய்ச்சலில் புளிப்பும் உப்பும் மிகுதி, நீர் வற்றியிருக்கிறது, மேலே எண்ணெய் நிற்கிறது. எனவே அது பல நாள் இருக்கும். முறுக்கிலும் கடலை உருண்டையிலும் ஈரம் இல்லை. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் உண்டு. இவற்றை முன்பே செய்து வைக்கலாம்.

தேங்காயிலும் வெறும் சோற்றிலும் இந்தக் காவல் எதுவும் கிடையாது. சோற்றைப் பற்றி ஒரு செய்தியை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் விதைகள் ஒட்டியிருக்கும். அரிசி கொதிக்கும்போதும் இவை சாவதில்லை. சோறு வெந்து ஆறி, வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடக்கும்போது இவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. முந்தின இரவே சோறு வடித்து வைத்துக் காலையில் தாளித்துக் கிளறுவது இதனால்தான் தவறு. குளிர்பதனப் பெட்டி இருக்கிறதே என்று பெரிய குண்டானை அப்படியே உள்ளே வைப்பதும் பயன் தராது. ஓரம் குளிர்ந்தாலும் நடுவில் உள்ள சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கருவுற்ற பெண்ணுக்காக நடக்கும் விருந்து இது. மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுக் கோளாறோடு போய்விடுவது, அவளுக்கு வாந்தி பேதியாகி உடலில் நீர் வற்றினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியலாம். ஆகவே இந்த விதியை வைத்துக் கொள்ளுங்கள்: சாதத்துக்குச் சேர்க்கும் பொருள்களை முன்பே செய்யலாம், சாதத்தை அன்று காலையில்தான் வடிக்க வேண்டும்.

60 பேருக்குக் கணக்கு

பெரியவர் 45 பேர், குழந்தைகள் 15 பேர் என்று வைத்துக் கொள்வோம். பெரியவருக்கு 125 கிராம் அரிசி, குழந்தைக்கு அதில் பாதி என்றால் ஏறத்தாழ ஆறரை கிலோ ஆகும். கூடுதலாக அரை கிலோ சேர்த்து 7 கிலோ அரிசி போதும். படிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவதால் எடை போட்டுக் கொள்வதே நல்லது. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சோறு கிடைக்கும்.

பங்கீடு இவ்வாறு:

புளிச்சாதம் – 2 கிலோ அரிசி
எலுமிச்சைச் சாதம் – 1½ கிலோ
தயிர்ச்சாதம் – 1½ கிலோ
தேங்காய்ச் சாதம் – 1 கிலோ
சர்க்கரைப் பொங்கல் – 1 கிலோ பச்சரிசி

இவற்றுடன் உருளைக்கிழங்கு வறுவல் (4 கிலோ கிழங்கு), அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய், ஆளுக்கு இரண்டு முறுக்கு, ஒரு கடலை உருண்டை. இதற்கு மேல் வகைகளைக் கூட்டினால் இலையில் மீதியாவதுதான் மிச்சம்.

கலந்த சாதங்களுக்குப் பழைய அரிசியாகப் பார்த்து எடுங்கள். அறுவடையாகி ஆறு மாதமாவது ஆன அரிசி உதிரியாக வேகும். புது அரிசி குழையும். 1986-இல் கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி போன்ற சன்ன ரகம் இதற்கு மிகவும் ஏற்றது. தயிர்ச்சாதத்துக்கும் பொங்கலுக்கும் புது அரிசியே நல்லது.

ஒரு மாதம் முன்பு: சரக்கைப் பாருங்கள்

புளி, மிளகாய், நிலக்கடலை, எள், பயறு, தேங்காய், எலுமிச்சை, பால் ஆகியவற்றில் பாதியாவது நம் நிலத்திலோ பக்கத்து நிலத்திலோ கிடைப்பவை. கடைக்குப் போகுமுன் வீட்டில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வாங்க வேண்டியவற்றின் பட்டியல் தானாகவே சிறுத்துவிடும்.

புளியைக் கொட்டை, நார் நீக்கி ஒரு நாள் வெயிலில் வைத்து எடுங்கள். மிளகாயைக் காம்புடன் காயவைத்துப் பின்பு காம்பைக் கிள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த மிளகாயைக் குலுக்கினால் விதை சலசலக்கும்.

நிலக்கடலையில் தனிக் கவனம் தேவை. செடியில் இருந்து ஆய்ந்த காயைச் சரியாக உலர்த்தாமல் குவித்து வைத்தால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் பற்றும். அது அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரலைக் கெடுக்கும் இந்த நஞ்சு, வறுத்தாலும் முழுமையாக நீங்குவதில்லை. காயின் ஈரம் 8 சதத்துக்குக் கீழே இறங்கும் வரை உலர்த்த வேண்டும். பருப்பை உடைக்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது, கசப்பது அனைத்தையும் பொறுக்கி எறிந்து விடுங்கள். விற்பனைக்கு நல்ல பருப்பை அனுப்பிவிட்டுக் கழிவுப் பருப்பை வீட்டுக்கு வைத்துக் கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதை அடியோடு கைவிட வேண்டும். இந்தக் கழிவைக் கறவை மாட்டுக்கு வைத்தாலும் நஞ்சு பாலில் வந்து சேரும்.

வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு மயங்காதீர்கள். அந்த நிறத்துக்காக ரசாயனத் தூள்களை அளவுக்கு மீறிச் சேர்ப்பவர்கள் உண்டு. பழுப்பு நிற வெல்லமே மேல்.

பத்து நாள் முன்பு: புளிக்காய்ச்சல்

2 கிலோ அரிசிக்கு வேண்டியவை: கொட்டை நீக்கிய புளி 300 கிராம், நல்லெண்ணெய் 500 மி.லி., காய்ந்த மிளகாய் 40 கிராம், மல்லி 50 கிராம், வெந்தயம் 2 தேக்கரண்டி, கடலைப் பருப்பு 100 கிராம், உப்பு 75 கிராம், வெல்லம் 25 கிராம், மஞ்சள் தூள் 2 தேக்கரண்டி, பெருங்காயம், கடுகு, கறிவேப்பிலை. வறுத்த நிலக்கடலை 200 கிராம் தனியாக இருக்கட்டும்.

புளியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து ஒன்றேகால் லிட்டர் அளவுக்குக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். மிளகாயில் பாதியையும் மல்லி, வெந்தயத்தையும் எண்ணெய் விடாமல் வறுத்துப் பொடியாக்குங்கள். இரும்புச் சட்டி வேண்டாம். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, கடலைப் பருப்பு, மீதி மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புளிக் கரைசலை ஊற்றி, உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பாதியாக வற்றியதும் தணலைக் குறையுங்கள். குழம்பு சுருண்டு எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது வெல்லத்தையும் பொடியையும் போட்டு இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள்.

முழுவதும் ஆறிய பின் நன்கு கழுவிக் காய்ந்த பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ போடுங்கள். மேலே எண்ணெய் மிதக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் ஊற்றுங்கள். ஈரக் கரண்டி படக் கூடாது. அலுமினியப் பாத்திரத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் வைக்கவே கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்து உணவில் கலந்து விடும். கடலையை இப்போது சேர்த்தால் நமுத்துப் போகும். சாதம் கலக்கும்போது சேர்த்தால் மொறுமொறுப்பாக இருக்கும்.

ஏழு நாள் முன்பு: முறுக்கு

பச்சரிசி மாவு 2 கிலோ, வறுத்து அரைத்த உளுந்த மாவு 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், ஓமம் 25 கிராம், உப்பு 45 கிராம். மாவை மொத்தமாகப் பிசையாதீர்கள். அரை கிலோ அளவில் அவ்வப்போது பிசைந்தால்தான் கடைசி முறுக்கும் முதல் முறுக்கைப் போல் சிவக்காமல் வரும். எண்ணெயில் சலசலப்பு அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். சலசலப்பு இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். சூடு முழுவதும் ஆறிய பின் தகர டின்னில் அடுக்கி இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்து விடும்.

ஐந்து நாள் முன்பு: கடலை உருண்டை

வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு 1 கிலோ, வெல்லம் 600 கிராம், சுக்குத் தூள் ஒரு தேக்கரண்டி. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று ஒலிக்க வேண்டும். அதுவே பதம். பருப்பைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். எலுமிச்சங்காய் அளவைவிடச் சிறிதாகப் பிடித்தால் 60 உருண்டைகளுக்குக் குறையாது. பாகு இளகலாக இருந்தால் இரண்டு நாளில் கசிந்து ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாள்

காய்களைக் கழுவி ஆறவையுங்கள், நறுக்க வேண்டாம். எலுமிச்சைச் சாதத்துக்கு 15 முதல் 18 பழங்களைப் பிழிந்து, விதை நீக்கி, கொஞ்சம் உப்புப் போட்டுக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். பொங்கலுக்கான 2 கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஒரு கொதி விட்டு மூடி வையுங்கள். முந்திரி, ஏலக்காய், தாளிக்கும் சாமான்கள் ஆகியவற்றைச் சாதவாரியாகச் சிறு கிண்ணங்களில் பிரித்து வைத்தால் காலையில் தேட வேண்டியதில்லை. தயிருக்கு உறை ஊற்றுங்கள். குடிக்க 60 லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றி மூடுங்கள்.

சமைக்க வருபவர்களின் கைகளைப் பாருங்கள். அறுவடை நேரத்தில் அரிவாள் கீறல் இல்லாத கை அரிது. சீழ் வைத்த புண்ணில் இருக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமி சோற்றில் சேர்ந்தால் அதுவும் சூட்டுக்கு அழியாத நஞ்சை உண்டாக்கும். கையில் புண் உள்ளவருக்கு இலை போடுவது, விருந்தினரைக் கவனிப்பது போன்ற வேலையைக் கொடுங்கள்.

விசேஷ நாள்: வரிசை மாறக் கூடாது

பந்தி காலை 11.30 மணிக்கு என்று கொண்டால், அதிகம் தாங்கும் சாதத்தை முதலிலும் விரைவில் கெடும் சாதத்தைக் கடைசியிலும் செய்ய வேண்டும்.

காலை 6 மணி: புளிச்சாதத்துக்கு அரிசி வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் தெளித்து ஆற்றுங்கள். ஆறியதும் புளிக்காய்ச்சலைக் கலந்து வறுத்த கடலையைச் சேருங்கள். நான்கு மணி நேரம் ஊறினால் சுவை கூடும்; புளிப்பு இருப்பதால் கெடாது. புளிக்காய்ச்சலில் ஒரு கரண்டி மிச்சம் வைத்திருந்து, ருசி பார்த்துப் பின்னர் சேர்க்கலாம்.

7.30 மணி: தயிர்ச்சாதத்துக்கு அரிசியைக் குழைய வேகவைத்துச் சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் 3 லிட்டர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின் அரை லிட்டர் தயிர் சேருங்கள். அதிகச் சூட்டில் தயிரை ஊற்றினால் உறையும் சக்தி போய்விடும். பந்தி நேரத்துக்குள் பால் இளம் தயிராகி, சாதம் புளிக்காமல் பதமாக இருக்கும்.

9 மணி: எலுமிச்சைச் சாதம். தாளித்து இறக்கிய பின்பே சாற்றை ஊற்ற வேண்டும்; அடுப்பில் கொதித்தால் கசக்கும்.

9.30 மணி: சர்க்கரைப் பொங்கல். 1 கிலோ அரிசி, கால் கிலோ பாசிப் பருப்பு நன்கு குழைந்த பிறகே வெல்லப் பாகை ஊற்றுங்கள். வெல்லம் சேர்ந்த பின் அரிசி வேகாது. நெய் 300 கிராம் போதும். மற்றொரு அடுப்பில் கிழங்கை வறுத்து விடலாம்.

10.30 மணி: தேங்காய்ச் சாதம். மூன்று தேங்காயை அப்போதே துருவி, பொன்னிறமாக வறுத்துச் சாதத்தில் கலக்கவும். அப்பளமும் மோர் மிளகாயும் கடைசியில் பொரிக்கப்படட்டும்.

சடங்கு முடிந்ததும் முதல் இலை வளைகாப்புப் பெண்ணுக்கே போட வேண்டும். ஒவ்வொருவராக வளையல் பூட்டிச் சந்தனம் பூசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. அவள் பசியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன்பே ஏதேனும் சாப்பிடக் கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் இனிப்பும் உப்பும் அவர் சொன்ன அளவோடுதான்.

மீதியை என்ன செய்வது?

வழிக்குக் கட்டிக் கொடுப்பதற்குப் புளிச்சாதம் மட்டுமே ஏற்றது. அதையும் அன்று இரவுக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். தேங்காய்ச் சாதத்தையும் பொங்கலையும் பந்தி முடிந்த கையோடு அக்கம் பக்கத்தில் பகிர்ந்து விடுங்கள். மறுநாளைக்கு எதையும் வைக்க வேண்டாம். மிஞ்சும் முறுக்கும் உருண்டையும் கெடாது.

மீந்த சோற்றையும் பொங்கலையும் மாட்டுத் தொட்டியில் கொட்டுவது மிகப் பெரிய தவறு. மாவுச்சத்து மிகுந்த சோற்றை மாடு ஒரே நேரத்தில் நிறையத் தின்றால் அதன் பெருவயிற்றில் அமிலம் பெருகும். மாடு அசை போடுவதை நிறுத்தி, கழிந்து, படுத்துவிடும். ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். பொங்கல் நாட்களிலும் கல்யாண நாட்களிலும் கறவை மாடுகள் இவ்வாறு மடிவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். வீட்டில் விசேஷம் நடக்கும் நாளில் மாட்டைக் கட்டுத்தறியிலேயே கட்டி வையுங்கள். சோறு தின்றுவிட்டதாகத் தெரிந்தால், நோய்க்குறி தோன்றும் வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். இலைகளையும் எச்சில் சோற்றையும் எருக்குழியில் போட்டு மேலே மண்ணும் சாணமும் தூவி மூடினால் உரமாகும்.

திட்டம் ஒரே பார்வையில்

ஒரு மாதம் முன்பு – சரக்கைக் காயவைத்துப் பொறுக்குதல்
10 நாள் முன்பு – புளிக்காய்ச்சல்
7 நாள் முன்பு – முறுக்கு
5 நாள் முன்பு – கடலை உருண்டை
முதல் நாள் – எலுமிச்சைச் சாறு, வெல்லப் பாகு, உறை, குடிநீர்
அன்று காலை – புளி, தயிர், எலுமிச்சை, பொங்கல், தேங்காய் என்ற வரிசையில் சாதங்கள்

இந்தத் தாளைக் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். காதுகுத்து, புதுமனை புகுவிழா, சீர் கொண்டு போவது என எந்த விசேஷத்துக்கும் இதே முறை பொருந்தும். 120 பேர் என்றால் அளவுகளை இரட்டிப்பாக்கி, சமைக்க இன்னும் இருவரையும் கூடுதலாக இரண்டு அடுப்பையும் சேர்த்துக்கொண்டால் போதும். மகளுக்கு வளையல் பூட்டும்போது தாயும் அடுக்களையை விட்டு வந்து பக்கத்தில் நிற்க முடியும்.